ஐந்து சாவு, ஒரே பக்கம்: டெல்டாவில் நடக்கும் துப்பறியும் நாவலுக்கு ஒரு வழக்கு ஆய்வு

இந்த வழக்கு கற்பனை. இதில் வரும் ஆறும் மதகும் சட்டப்பிரிவும் பதிவேடும் கற்பனை அல்ல. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாவுகளைக் கடைசி அத்தியாயத்தில் முடிச்சுப் போடும் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. இத்தனை வருஷம் யாருக்கும் ஏன் சந்தேகம் வரவில்லை என்ற கேள்விக்கு, போலீஸ் மந்தம் என்று ஒரு வரி எழுதித் தாண்டிவிடுவார்கள். டெல்டாவில் அதற்குச் சரியான பதில் ஒன்று இருக்கிறது. சாவுக்குப் பின் காகிதம் போகும் வழியைப் பார்த்தால் போதும்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் ஒரு கிராமம். அங்கே ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். சங்கத்தின் முன்னாள் தலைவரான பெரியவர் 2013-ல் வயோதிகத்தால் வீட்டிலேயே இறந்தார். அவருக்கு ஒன்றரை வேலி நஞ்சை, அதாவது 30 மா, ஏறக்குறைய 10 ஏக்கர். ஒரே மகள், கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். எட்டு வருஷம் கழித்து, 2021 கடைசியில், சென்னையில் இருக்கும் தம்பி மகன் ஓர் உயிலைக் கொண்டுவந்து பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்கிறான். 1996 ஏப்ரலில் எழுதியதாகத் தேதி. தட்டச்சு செய்தது, பதிவு செய்யாதது. நிலம் முழுக்க அவனுக்கு. மகள் ஆட்சேபித்து 2022-ல் சிவில் வழக்குப் போடுகிறாள்.

உயிலில் கையெழுத்துப் போட்டவர்கள் நான்கு பேர்: பெரியவர், இரண்டு சாட்சிகள், உயிலைத் தயார்செய்த பத்திர எழுத்தர். நால்வரும் உயிரோடு இல்லை. முதல் சாட்சி 2009-ல் கட்டுவிரியன் கடித்துச் செத்தார். இரண்டாம் சாட்சி 2011 குறுவையில் மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைத் தொட்டு மின்சாரம் தாக்கிப் போனார். எழுத்தர் 2017-ல் கும்பகோணம்–மன்னார்குடி சாலையில் லாரி மோதி இறந்தார். இது போதாதென்று சங்கத்தின் ஓய்வுபெற்ற கிளார்க்கின் சடலம் 2021 ஜூன் 27-ல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வாய்க்கால் மதகில் ஒதுங்கியிருக்கிறது.

இனி காகிதத்துக்கு வருவோம். சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் அதைப் பதிவு செய்வார்கள், செத்தவரின் சொந்த ஊரில் அல்ல. பாம்பு கடித்தவர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிரை விட்டதால் அவர் பெயர் தஞ்சாவூர்ப் பதிவேட்டில் இருக்கிறது. ஊருக்கு வந்தது சான்றிதழ் நகல் மட்டும். மின்சாரச் சாவுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ல் சந்தேக மரண வழக்கு, பிரேத விசாரணை, மின் ஆய்வுத் துறையின் அறிக்கை. "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது" என்ற வரியோடு கட்டு தாசில்தார் அலுவலகத்தில் தூங்குகிறது. லாரி வழக்கு இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தது. அதன் பாதிக் காகிதம் குற்றவியல் கோர்ட்டில், மீதி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். பெரியவரின் சாவுக்கு டாக்டரும் இல்லை, போலீசும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவே. கிளார்க்கின் 174 வேறொரு ஸ்டேஷனில். ஐந்து சாவுக்கும் பொதுவாக ஒரு மேஜை இல்லை. இந்த ஐந்து பெயரையும் ஒரே நாளில் படிக்க நேரும் முதல் ஆள் மகளின் வக்கீல்தான், அதுவும் உயிலைக் கையில் வைத்துக்கொண்டு. நாவல் அங்கே தொடங்க வேண்டும்.

வக்கீல் மிரளுவது நியாயம். கையெழுத்துப் போட்டவர்கள் வரிசையாகச் செத்திருக்கிறார்கள், ஆகவே யாரோ சாட்சிகளைத் தீர்த்துக்கட்டியிருக்கிறார்கள் என்று வாசகனும் அவர் கூடவே ஓடுவான். ஓடட்டும், ஆனால் ஓட்டம் நியாயமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சாவையும் கொலை என்று வைத்துக்கொண்டு உண்மையாகவே தட்டிப் பார்க்க வேண்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியும் முன் வயிற்றுவலி, பிறகு இமை தொங்குவது, பிறகு மூச்சுத் தசை ஓய்வது. மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலில் இதே வரிசை இருந்தால் அந்தச் சாவை விட்டுவிடலாம். ஸ்டார்ட்டர் பெட்டியில் எர்த் இல்லை, உள்ளே ஒயர் உரிந்து தகரத்தில் பட்டிருக்கிறது என்று மின் ஆய்வாளர் எழுதியிருக்கிறார். அந்த உரிசல் கத்தி பட்டதா, வருஷக்கணக்கில் அதிர்ந்து தேய்ந்ததா என்பதை அவர் விவரிப்பிலிருந்தே படித்துவிடலாம். லாரி டிரைவரைத் தீர்ப்பாயத்தில் குறுக்கு விசாரணை செய்த வாக்குமூலம் இருக்கிறது. மூன்றும் கொலையல்ல என்று தேறிவிடும். தோற்றத்துக்கு என்னவோ, உள்ளேயும் அதுவேதான்.

கதையைத் திருப்பிப் போடும் கேள்வி இதற்குப் பிறகு வருகிறது. உயிலில் கையெழுத்துப் போட்டதால் இவர்கள் செத்தார்களா, அல்லது செத்துப்போனதால்தான் இவர்கள் உயிலில் "கையெழுத்துப் போட்டார்களா"?

இரண்டாவது வழி ஏன் புத்திசாலித்தனமானது என்று புரிய, உயிலை நிரூபிக்கும் முறை தெரிய வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 63-ன்படி உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து நிலத்துக்கு புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று கோர்ட் தரும் சான்று, வாங்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. (சென்னைச் சொத்துக்கு அந்தக் கட்டாயம் இருந்தது. அதை மனத்தில் வைத்து எழுதுகிறவர்கள் இங்கே தவறாமல் விழுவார்கள்.) ஆனால் கோர்ட்டில் உயில் நிற்க வேண்டுமென்றால், சாட்சியச் சட்டம் பிரிவு 68-ன்படி உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறி, "என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார்" என்று சொல்ல வேண்டும். சாட்சிகள் யாரும் உயிரோடு இல்லையென்றால் பிரிவு 69. ஒரு சாட்சியின் கையெழுத்து அவருடையதுதான், உயில் எழுதியவரின் கையெழுத்தும் அவருடையதுதான் என்று காட்டினால் போதும். 2024 ஜூலை 1 முதல் இவை புதிய சட்டத்தில் 67, 68 என்று எண் மாறின. நம் வழக்கு 2022-ல் போட்டது, அதனால் பழைய எண்ணே ஓடும்.

போலி உயில் செய்கிறவனுக்கு உயிரோடிருக்கும் சாட்சி ஆபத்து. காசு கேட்பான், குறுக்கு விசாரணையில் உளறுவான், மனசாட்சி உறுத்திப் பின்வாங்குவான். செத்தவன் கையெழுத்துக்கு அவன் மகனைக் கூட்டிவந்தால் போதும். நாவலின் மிகச் சிறந்த கோர்ட்டுக் காட்சி இதுதான். மின்சாரம் தாக்கிச் செத்தவரின் மகன், ஒரு பொய்யும் அறியாதவன், உயிலைப் பார்த்து "எங்கப்பா கையெழுத்துதாங்க" என்கிறான். அவன் சொல்வது சத்தியம். அந்தக் கையெழுத்தின் ஒவ்வொரு வளைவும் அவன் அப்பாவுடையது. நகலெடுத்தவன் அப்படி எடுத்திருக்கிறான்.

தம்பி மகன் ஏன் இன்னும் ஐந்து வருஷம் பொறுக்கவில்லை என்று விவரமான வாசகர் கேட்பார். 30 வருஷம் பழைய ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால் அது மெய்யானது என்று அனுமானிக்கச் சட்டத்தில் இடமுண்டு, 1996 உயிலுக்கு 2026-ல் 30 ஆகிவிடுமே என்று. அந்த அனுமானம் உயிலுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் பர்பூர் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. காத்திருந்து பயனில்லை. சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை இருந்தால் அதை நீக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவன் தலையில் என்பது 1958-ல் வெங்கடாசல அய்யங்கார் வழக்கிலேயே நிலைபெற்றது.

போலி பிடிபடுவது துப்பறிபவரின் மேதைமையால் அல்ல. மகளின் வக்கீல் வழக்கமான வேலை ஒன்றைச் செய்கிறார். கையெழுத்தை ஒப்பிட ஏறக்குறைய அதே காலத்தில் போட்ட, இரு தரப்பும் மறுக்காத மாதிரிக் கையெழுத்து வேண்டும். 1996-ல் போட்டது வேண்டுமென்றால் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைத் தவிர வேறு போக்கில்லை, ஆகவே அதை வரவழைக்கிறார். தடய அறிவியல் துறையின் ஆவணப் பிரிவிலிருந்து வரும் அறிக்கை அவர் எதிர்பார்த்த மாதிரி இல்லை. கையெழுத்து வேறுபடுகிறது என்று சொல்லவில்லை. அளவுக்கு மீறி ஒன்றாக இருக்கிறது என்கிறது. ஒரே மனிதன் இருமுறை கையெழுத்துப் போட்டால் நீளமும் சாய்வும் கொஞ்சமாவது மாறும். இங்கே உயிலையும் தீர்மானப் புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நான்கு கையெழுத்தும் கோட்டுக்குக் கோடு பொருந்துகின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் கோடு ஓடவில்லை, ஊர்ந்திருக்கிறது. வளைவுகளில் நடுக்கம், நடுவில் பேனா தூக்கிய இடங்கள், முடிவில் மொட்டையான நுனி.

முதல் சாட்சியின் கையெழுத்தில் இன்னும் நுணுக்கமான ஒன்று. அவர் பெயரில் "ணா"வும் "லை"யும் வருகின்றன, அண்ணாமலை என்பது போல. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும் முன்பே எழுதப் படித்தவர், கடைசிவரை கொம்பு வைத்த பழைய "லை"யும் சுழித்த பழைய "ணா"வும்தான் எழுதினார். கையெழுத்தில் அவை அப்படியே இருக்கின்றன, பார்த்து வரைந்ததல்லவா. ஆனால் சாட்சி தன் கைப்படக் கீழே எழுதும் தகப்பனார் பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும் தீர்மானப் புத்தகத்தில் மாதிரி கிடையாது. போலி செய்தவன் அதைச் சொந்தமாக எழுத வேண்டியிருந்தது. அங்கே புதிய "லை" விழுந்திருக்கிறது. ஒரே கை, ஒரே நிமிஷம், இரண்டு "லை". துப்பை வாசகன் கண்ணெதிரே ஐம்பது பக்கம் திறந்து வைக்கலாம். தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் கண்டுபிடிக்க வாய்ப்புக் கொடுத்தாயிற்று.

தட்டச்சிலும் தேதி காட்டிக்கொடுக்கிறது. சொத்து விவரத்தில் "திருவாரூர் மாவட்டம்" என்று அடித்திருக்கிறது. 1997 ஜனவரி 1-க்கு முன் அப்படி ஒரு மாவட்டமே இல்லை. இருபத்தைந்து வருஷமாக அப்படி எழுதிப் பழகிய கை அப்படித்தான் அடிக்கும், உயிலைப் படித்த அத்தனை பேருக்கும் அது உறுத்தாமல் போகும். "ழ" வரும் இடமெல்லாம் எழுத்து ஒரு மயிரிழை மேலேறி விழுந்திருக்கிறது. சங்கத்திலிருந்து 1990-களில் உறுப்பினர்களுக்குப் போன கடன் நோட்டீசுகளிலும் "ழ" அப்படியேதான் விழும்.

அந்தப் பக்கத்தில் மொத்தம் 11 உறுப்பினர்களின் கையெழுத்து. பெரியவரை நீக்கினால் பத்துப் பேர். 2021-ல் அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் உயிரோடு இருந்தார்கள், மூன்று பேர் இல்லை. உயிலில் இருப்பது சரியாக அந்த மூன்று பேர். கண்ணை மூடிக்கொண்டு பத்தில் மூவரைப் பொறுக்கினால் இறந்த மூவரே கையில் வர 120-ல் ஒரு வாய்ப்பு. கோர்ட்டில் இந்தக் கணக்கைப் பெரிதாக நீட்டக் கூடாது, எதிர்த்தரப்பு வக்கீல் கிழித்துவிடுவார். ஆனால் அதிகாரி யாரைத் தேட வேண்டும் என்பதை இது சொல்கிறது. புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவன், அதில் யார் யார் போய்விட்டார்கள் என்று தெரிந்தவன். 2021 பிப்ரவரியில் அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. பட்டியல் சரிபார்க்க ஆள் போதாமல் ஓய்வுபெற்ற கிளார்க்கைச் சங்கத்துக்கு உதவிக்கு அழைத்ததாகக் கதையில் வைத்துக்கொள்ளலாம். உயிரோடிருப்பவர் யார், வாரிசு யார் என்று ஒவ்வொரு பெயராகக் குறித்தது அவர்தான். அந்தப் பக்கத்தின் அடியில் பன்னிரண்டாவதாக இருப்பதும் அவர் கையெழுத்துதான்.

ஐந்து சாவில் நான்கு, உயிலுக்குக் கச்சாப் பொருள். ஐந்தாவது அந்த உயிலின் விளைவு. இந்த வேறுபாட்டை எழுத்தாளர் தெளிவாக வைத்திருக்க வேண்டும். எல்லாச் சாவையும் கொலையாக்கினால் பாம்பைப் பழக்கியவன் கதையாகிவிடும்.

கிளார்க்கின் 174 கட்டில் இருக்கும் வாக்குமூலம் தம்பி மகனுடையது. திருத்துறைப்பூண்டி பக்கம் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தபோது கிளார்க் தன்னைப் பார்க்க வந்தார் என்கிறான். ஜூன் 15 காலையில் வாய்க்காலில் குளிக்கப் போனதைத் தான் பார்த்ததாகவும், பிறகு திரும்பவில்லை என்றும் சொல்கிறான். செல்போன் அன்றோடு அணைந்திருப்பதால் தேதி பொருந்துகிறது. கொரோனா இரண்டாம் அலைக் கட்டுப்பாடு வேறு. தளர்வு குறைவாகக் கொடுத்த 11 மாவட்டங்களில் டெல்டாவின் நான்கும் இருந்தன. சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை, சாட்சியும் இல்லை. மூழ்கிச் சாவு என்று எழுதிக் கட்டை மூடியாயிற்று.

2021-ல் மேட்டூர் அணை ஜூன் 12 திறந்தது. கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். கல்லணையைத் திறந்தது ஜூன் 16. அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிய, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் (ஆறு பிரியும் தலைமதகில்) கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிந்து, ஒவ்வொரு தடுப்பிலும் மட்டம் கட்டி, கிளை வாய்க்கால் நிரம்பி, கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாள். 15-ம் தேதி தண்ணீர் கல்லணையையே தாண்டவில்லை. திருத்துறைப்பூண்டி வாய்க்காலில் யார் குளித்திருக்க முடியும்?

இதை ஒரு லஸ்கர் வாயால் வரவைப்பது நல்லது. மதகுகளைத் தூக்கி இறக்கி நீர் மட்டம் குறிப்பவர் அவர்.

"பெரியவரே, பதினஞ்சாம் தேதி இங்க எவ்வளவு தண்ணி இருந்துது?"

"தண்ணியா? பொக்லைன்தான் நின்னுச்சு சார். தூரு வாரிக்கிட்டிருந்தாங்க. ஆடு உள்ளே எறங்கி மேயும். கேஜ் நோட்டுல பாருங்க, பூச்சியம்னு எழுதியிருப்பேன்."

கோடை மழைத் தண்ணீர் தேங்கியிருக்கலாமே என்ற ஓட்டையை அடைக்க வேண்டும். அந்த மே, ஜூனில் டெல்டா முழுக்கத் தூர்வாரும் வேலை நடந்தது. பில் போட வேலைக்கு முன், நடுவில், பின் என்று படம் எடுத்து வைப்பார்கள், அளவை எம்-புக் என்ற அளவைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். 14, 15 தேதியிட்ட படத்தில் தரை காய்ந்து, இயந்திரத்தின் சங்கிலித் தடத்தோடு தெரிந்தால் முடிந்தது. சடலம் அன்றே அங்கே கிடந்திருந்தால் தூர்வாரியவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஆகவே வேறெங்கோ செத்து, தண்ணீர் வந்த பிறகு அங்கே போடப்பட்டது.

எங்கே என்பதைத் தொடை எலும்பு சொல்லும். டயாட்டம் என்பது சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி. உயிரோடு மூழ்குகிறவரின் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். செத்த பிறகு தண்ணீரில் போட்ட உடலில் அந்த ஓட்டம் இல்லை. சடலம் அழுகியிருந்தாலும் உடையாத தொடை எலும்பின் மஜ்ஜை பெரும்பாலும் பயன்படும். காவிரித் தண்ணீரில் நன்னீர் இனங்கள் இருக்கும். நம் கிளார்க்கின் மஜ்ஜையில் கிடைப்பது உப்பங்கழி இனங்கள். முத்துப்பேட்டை பக்கத்து இறால் பண்ணைக் குட்டைகளில் இருக்கும் தண்ணீர் அதுதான், தம்பி மகனின் கூட்டாளி அங்கே ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். இந்தச் சோதனையைத் தனியாக நம்பி யாரையும் தண்டிக்க முடியாது. ஆய்வகத் தண்ணீரிலிருந்தே டயாட்டம் கலக்கலாம், மூழ்கியவரிடம் கிடைக்காமலும் போகலாம். எலும்பைப் பாதுகாத்து வைக்காவிட்டால் பேச்சே இல்லை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வழக்கப்படி தொடை எலும்பை எடுத்து அனுப்பினார், கேட்பாரில்லாமல் அறிக்கை கிடப்பில் கிடந்தது என்று முன்பே ஒரு வரி விதைத்துவிட வேண்டும்.

15-ம் தேதி என்று அவன் ஏன் சொன்னான் என்பதில்தான் இரண்டு வழக்கும் ஒன்றாகின்றன. டிவியில் 12-ம் தேதி மேட்டூர் திறந்ததைப் பார்த்திருக்கிறான், மூன்று நாளில் ஊருக்குத் தண்ணீர் வந்திருக்கும் என்று நினைத்திருக்கிறான். கடைமடையில் ஒரு போகம் சாகுபடி செய்தவன்கூட அப்படிச் சொல்லமாட்டான். ஆனால் சிவில் வழக்கில் அவன் போட்ட எதிருரையில், பெரியவர் இருந்த காலம் தொட்டு அந்த 30 மாவையும் தானே பயிரிட்டு அனுபவித்துவருவதாக எழுதியிருக்கிறது. 174 கட்டின் ஒரு வாக்குமூலம், நிலத்தைத் தானே அனுபவித்துவந்ததாக அவன் சிவில் கோர்ட்டில் சொன்னதை உடைக்கிறது. கூண்டில் அவனிடம் கேட்க வேண்டியது கொலையைப் பற்றி அல்ல. குறுவைக்கு நாற்று என்றைக்கு விட்டீர்கள், உங்கள் மடைக்குத் தண்ணீர் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது, முறை யாரோடு என்று மூன்று கேள்வி போதும்.

குற்றப்பத்திரிகையில் நடைமுறைச் சிக்கல் உண்டு. கதை 2025-ல் நடந்தாலும் குற்றம் 2021-ல் நடந்தது. ஆகவே கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302, தடயத்தை மறைத்ததற்கு 201, உயிலைப் போலியாகச் செய்ததற்கு 467, அதைப் பயன்படுத்தியதற்கு 471. நடைமுறைக்கு மட்டும் புதிய சட்டம். போலி உயில் மாவட்டக் குற்றப்பிரிவில், சடலம் திருத்துறைப்பூண்டி பக்கத்து ஸ்டேஷனில். இரண்டையும் ஒரே அதிகாரியிடம் சேர்க்க எஸ்.பி. உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவு வரத் தாமதமாகும் வாரங்களில்தான் சங்கத்துப் பழைய தட்டச்சுப் பொறி காயலான் கடைக்குப் போகும் அபாயம். தட்டச்சு நோட்டீசுகளை முன்கூட்டியே கைப்பற்றி வைத்திருந்தால் பொறி போனாலும் "ழ" மிஞ்சும். 467 உறுதியாக நிற்கும். 302-க்குப் பண்ணைக்காரன் அப்ரூவராக வேண்டும்.